கற்பகம் எழுதிய கழிவு

தேவிகாபுரத்திலிருந்து காலை எட்டேகாலுக்கு ஆரணிக்குப் புறப்படும் டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம், கற்பகத்தின் சொத்து. பட்டா சிட்டா எதுவும் கிடையாது. ஆனால் விவரம் தெரியாமல் யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் கண்டக்டரே வந்து, கணக்கம்மா வருகிற நேரம், எழுந்துகொள்ளுங்கள் என்று கிளப்பிவிடுவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகும் கொஞ்ச நாள் பழக்க தோஷத்தில் சில்லறையை எண்ணி நீட்டிக்கொண்டிருந்தவள் அவள். எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. கல்யாணத்தில் இலை, கோயிலில் விளக்கு, பஸ்ஸில் தலை என்று கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவைப்பாள். அவள் கணவன் சரவணன் ரைஸ் மில்லில் மேஸ்திரி. நான் ராத்திரி எத்தனை தடவை குறட்டை விட்டேன் என்பதற்குக்கூட அவளிடம் கணக்கு இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான்.

இருபத்தேழு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. ஆரணி கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கவேலு சில்க்ஸில் கணக்கு எழுதுவது. கம்பெனிக்கு நூற்றெண்பது தறி. எல்லாம் நெசவாளர் வீடுகளில் இருக்கின்றன. பட்டும் ஜரிகையும் கம்பெனியிலிருந்து போகும், புடவையாகத் திரும்பி வரும், வந்த அன்றைக்கே கூலி. அநேகமாக எல்லா வீட்டின் பேரிலும் கம்பெனியில் அட்வான்ஸ் பாக்கி நிற்கும். ஒவ்வொரு புடவைக் கூலியிலும் அதில் கொஞ்சம் பிடிப்பார்கள். இந்த வரவு செலவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறினாலும், அதற்கு முன்னால் கற்பகத்தின் பேரேட்டில் ஏறியாக வேண்டும். கையால் எழுதாத எண் அவள் மனதில் நிற்காது.

அவளிடம் மூன்று பேனாக்கள். வரவுக்கு நீலம், செலவுக்குச் சிவப்பு. மூன்றாவது பச்சை. பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர்தான் எழுத வேண்டும், நீ எப்போது ஆபீசர் ஆனாய் என்று சரவணன் கேலி செய்வான். அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். பச்சை மையில் அவள் எழுதியது ஒரே ஒரு சொல்தான். கழிவு.

அந்தப் பேனாவை அவள் கையில் கொடுத்தவர் பெரியவர் தங்கவேலு. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். பச்சையம்மாள் என்று ஒரு நெசவாளி, புருஷன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே புடவையைக் கொண்டுவந்து வைத்தாள். கற்பகம் வழக்கம்போல அட்வான்ஸுக்குப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டினாள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். பச்சையம்மாள் போன பிறகு, அவள் பாக்கியில் ஒரு புடவைக் கூலியைக் கழித்துவிடச் சொன்னார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிரசவம் ஆனாலும், யாரையாவது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தாலும், தறி மேல் கூரை விழுந்தாலும் இனி இதேதான், ஒரு புடவைக் கூலி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறையும் வந்து கேட்டுவிட்டு எழுதட்டுமா என்று கற்பகம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அவளுக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"என்னைக் கேக்காதம்மா. கேட்டா நான் யோசிப்பேன். இவன் நல்லா நெய்றானா, இவ கம்பெனிக்கு நல்லவளான்னு கணக்குப் போடுவேன். நீ பாட்டுக்குக் கழிச்சிகினு போ."

அப்படியே அவள் கழித்துக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. கணக்கு இவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்வாள். பெற்றுக்கொண்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வருஷக் கடைசியில் மொத்தத் தொகையைப் பார்த்த ஆடிட்டர், வியாபாரிகளுக்குக் கொடுக்கும் தள்ளுபடிதானே என்று தானே ஓர் அர்த்தம் செய்துகொண்டார். புத்தகக் கடையிலிருந்து பாத்திரக் கடைவரை கழிவு என்றால் தள்ளுபடிதானே. அவரைத் திருத்த வேண்டும் என்று பெரியவருக்கும் தோன்றவில்லை, கற்பகத்துக்கும் தோன்றவில்லை.

பெரியவர் 2016இல் போய்விட்டார். மகன் அருள்மணி வந்து உட்கார்ந்தார். நல்ல பிள்ளை. கொஞ்சம் அவசரக்காரர், எதையும் ஜல்தியாக முடித்தாக வேண்டும். கற்பகத்தை அக்கா என்று கூப்பிடுவார், அவள் தம்பி என்பாள். பச்சை மை விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் முதல் வாரம் நினைத்தாள். அடுத்த வாரம் ஒரு நெசவாளி வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்தது. சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, எழுதிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று எழுதினாள். அந்த அப்புறம் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, தொடர்ந்து செய் என்றும் யாரும் சொல்லவில்லை. கேட்காமல் ஊரான் பணத்தைக் கொடுக்கிறோம் என்ற முள் மட்டும் உள்ளே இருந்தது. பச்சைப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் அது குத்தும். குத்தினாலும் எழுதுவாள்.

இந்த வருஷம் அருள்மணிக்கு ஒரு பெரிய ஆசை. ஆற்றுப் பக்கம் இருக்கும் கம்பெனியின் சாயப்பட்டறையில், சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் ஒரு பிளான்ட் போட வேண்டும். ஊர்த் தண்ணீரைக் கெடுக்காத கம்பெனி என்றால் வெளிநாட்டு ஆர்டர் வரும், பாங்கிலும் வட்டி குறைவு. ஆனால் பாங்குக்காரர்கள் நிதி நிலைமையையும் நிலைத்தன்மையையும் சேர்த்து ஓர் அறிக்கை கேட்டார்கள். கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறது, எவ்வளவு வீணாக்குகிறது, இன்னும் இருபது வருஷம் தாங்குமா என்று பத்து வருஷக் கணக்கை வைத்துச் சொல்ல வேண்டும். அதை ஆள் வைத்து எழுதினால் ஆறு மாசம் ஆகும், செயற்கை நுண்ணறிவு ஒரு வாரத்தில் எழுதிவிடும் என்று வேலூரிலிருந்து சங்கீதா என்று ஒரு பெண் வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். கலரில் எடுத்தால் கம்ப்யூட்டரில் இடம் அடைக்கும் என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தாள். அக்கா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, மிஷின் ஓர் எழுத்தில்கூடத் தடுமாறவில்லை என்று பாராட்டிவிட்டும் போனாள். கற்பகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பஸ்ஸில் தலைகளை எண்ண மறந்துபோனாள்.

அறிக்கை வந்தது. மிஷின் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்திருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. சாயப்பட்டறையில் கடைசி அலசல் தண்ணீரை அடுத்த ஈட்டுக்கு முதல் அலசலாக வைத்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம் என்றது. விறகுக்குப் பதில் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கினால் எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று சொன்னது. எந்த மாசம் பட்டு வாங்கினால் விலை குறைவு என்றது. அருள்மணிக்கு வாயெல்லாம் பல். ஒன்பதாம் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

கம்பெனியில் போன வருஷம் கழிவாகப் போன பட்டு நாற்பத்தெட்டு கிலோ என்று அங்கே எழுதியிருந்தது. சாயப்பட்டறையில் நிகழும் இழப்பு, தடுக்கக்கூடியது என்றும் இருந்தது. பட்டை வேகவைக்கும்போது பசையாகக் கரைந்துபோகிற எடையைக்கூடச் சரியாகத் தள்ளிவிட்டு, அதற்கு மேல் நாற்பத்தெட்டு. சாயப்பட்டறையின் எடை நோட்டு கிராம் சுத்தமாக ஒத்துப்போகிறதே என்று அருள்மணி மிஷினிடம் கேட்டார். அது செய்தி வாசிக்கிற தமிழில், நோட்டு இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவதே சரிபார்க்க வேண்டிய விஷயம் என்றது.

சாயப்பட்டறை பழனியின் பொறுப்பு. முப்பத்தொரு வருஷமாகக் கொதிக்கும் அண்டா முன்னால் நின்றவர். இரண்டு முழங்கையும் என்ன தேய்த்தாலும் போகாத அரக்கு நிறம். அருள்மணி அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பழனி இரண்டு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பார். அருள்மணியோ பட்டறையிலிருந்த தராசைத் தூக்கிக்கொண்டு வந்து ஆபீஸில் வைத்தார். இனி பட்டு இங்கே எடை போட்டுத்தான் போகும், இங்கே எடை போட்டுத்தான் வரும். ஒரு கேமராவும் மாட்டினார். வெள்ளிக்கிழமை அறிக்கை பாங்குக்குப் போகும், இழப்புக்குப் பொறுப்பானவரை மாற்றிவிட்டோம் என்று அதில் ஒரு வரி சேர்ப்பதாக உத்தேசம். இதெல்லாம் நடந்தது திங்கட்கிழமை.

அன்று சாயங்காலம் அறிக்கையைக் கோப்பில் வைக்கும்போதுதான் கற்பகம் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள். நாற்பத்தெட்டு என்ற எண் அவளுக்குப் பிடிபடவில்லை. பட்டு கிலோ ஐயாயிரம் என்று போட்டுப் பெருக்கினாள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. போன வருஷம் புடவைக் கூலி ஐயாயிரத்து ஐந்நூறு. பச்சை மையில் எழுதியது நாற்பத்து நான்கு வீடு. அதையும் பெருக்கினாள். இரண்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். மறுபடியும் பெருக்கிப் பார்த்தாள், அதேதான் வந்தது.

சாயத் தண்ணீரை லாரி வைத்து அப்புறப்படுத்தும் செலவையும் அவள் கழிவு என்றுதான் எழுதுவாள், சிவப்பு மையில். நெசவாளி பாக்கியில் கழித்ததையும் கழிவு என்றுதான் எழுதினாள், பச்சை மையில். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு ஏது, பச்சை ஏது. மிஷின் இரண்டையும் ஒரே குப்பை என்று படித்து, லாரிக் கணக்கில் வராத தொகையைப் பட்டு விலையால் வகுத்து, பழனி தலையில் வைத்துவிட்டது. ஆடிட்டர் அந்தச் சொல்லைத் தள்ளுபடி என்று படித்தார், இது குப்பை என்று படிக்கிறது. சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே சரவணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இரண்டு தோசையைத் தின்று முடித்தான். மூன்றாவது தோசை விழுந்த பிறகு, ஒன்பது வருஷத்தில் மொத்தம் எவ்வளவு என்றான். பதினைந்து லட்சத்துச் சொச்சம் என்றாள். சரவணன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல நீ நின்னுடுவ. வாய மூடிகினு இரு கற்பகம். கேக்காம குடுத்தா அதுக்குப் பேரு தர்மம் இல்ல, கையாடல்னுவாங்க. போலீசு கீலீசுன்னு பேஜாரு."

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு ரூபாய் இடறியதில்லை என்பது மட்டும்தான் அவள் சேர்த்துவைத்த நகை நட்டெல்லாம். பழனிக்காகப் பேசினால் அது போய்விடும். பேசாவிட்டால் பழனியுடையது போய்விடும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. புதன்கிழமை பழனி பட்டை எடை போட ஆபீஸுக்கு வந்தார். பெரியவர் காலத்திலிருந்து, வந்தால் கற்பகத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். சர்க்கரை இருப்பதால் பாதி டம்ளர்தான். அன்று அவர் உட்காரவில்லை. டீ வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். எடை போட்ட பிறகு, கேட்காமலே சட்டைப் பையையும் வேட்டி மடிப்பையும் கேமராவுக்கு உதறிக் காட்டிவிட்டுப் போனார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. டீ மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. கற்பகம் ஒன்பது வருஷப் பேரேட்டையும் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு அருள்மணியின் அறைக்குள் போனாள்.

வழியில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. பேரேட்டைத் திறந்து பச்சை மை வரியில் விரலை வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெரியவர் ஆரம்பித்த வழக்கம் என்றாள். அவருக்குப் பிறகு நடத்தியது தன் இஷ்டம், அதற்கு யார் உத்தரவும் கிடையாது என்றாள். தன்னுடைய பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் சேர்ந்தால் பாதிக்குமேல் தேறும், மீதிக்குத் தேவிகாபுரத்தில் முக்கால் காணி நிலம் இருக்கிறது என்றாள். பெரியவர் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை. செத்தவரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமாகப் படவில்லை.

அருள்மணி பேரேட்டை மூடிவைத்தார்.

"ஒம்போது வருஷமா அக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணவே இல்லியா? நான் வேணாம்னுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"தோணுச்சி தம்பி. பயமா இருந்துச்சி."

"இன்னா பயம்?"

"நீங்க வேணாம்னுட்டா, அப்பால நான் உங்க மூஞ்சியப் பாக்கணும். நெசவுக்காரங்க மூஞ்சியும் பாக்கணும்."

அவருக்குக் கோபம் வந்ததா, வருத்தம் வந்ததா என்று கற்பகத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போய்த் தராசை அவரே தூக்கினார். வண்டியில் வைத்துச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனார். பழனியிடம் தப்பு தன்னுடையது என்று சொல்லி, தராசை இருந்த இடத்தில் வைத்தாராம். பழனி தராசின் இரண்டு தட்டையும் துண்டால் துடைத்துவிட்டு, அடுப்பில் பட்டு வெந்துகொண்டிருக்கிறது, தள்ளி நில்லுங்கள் தம்பி என்று மட்டும் சொன்னாராம். திரும்பி வந்த அருள்மணி கற்பகத்திடம் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சீக்கிரம் வாருங்கள் என்றார். அவள் அதை வேலை போயிற்று என்பதாகவே எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஏழரை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அருள்மணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பச்சை மையில் எழுதியது கழிவுப் பட்டு அல்ல, நெசவாளர் பாக்கியில் கழித்த தொகை என்று மிஷினிடம் முன்தினமே சொல்லிவிட்டாராம். அது உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டது. ஆரணியில் இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கேட்ட முதல் ஆசாமி அதுதான். கேட்ட கையோடு கணக்கையும் திருத்தி எழுதியிருந்தது. ஒன்பது வருஷத்தில் முந்நூற்று நாற்பத்தொரு கழிவு. அதைப் பெற்ற வீடுகளில் தறியை நிறுத்தியவர்களோ வேறு கம்பெனிக்குப் போனவர்களோ பதினொரு பேர்தான். ஆகவே இந்தச் செலவு கம்பெனியின் நிலைத்தன்மைக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று மிஷின் கருதியது. கற்பகம் அதை நம்பவில்லை. நேற்று குப்பை என்றது, இன்றைக்குப் பொக்கிஷம் என்கிறது, நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் அதற்கும் சரி என்னும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாங்குக்கு ஒவ்வொரு தொகைக்கும் காரணம் காட்ட வேண்டும் என்றார் அருள்மணி. பேரேட்டில் பெயரும் தேதியும் தொகையும்தான் இருந்தன. காரணம் எங்கே என்று கேட்டார். கற்பகம் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் பெயரை வாசித்துக் காரணம் சொல்ல, அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். போன வருஷத்திலிருந்து பின்னோக்கிப் போனார்கள். கன்னியம்மாள், கண் ஆபரேஷன். முத்துவேல், மழையில் கூரை இறங்கித் தறியிலிருந்த பாவு நனைந்தது. செல்லம்மாள், மகளுக்குப் பிரசவம், ஆண் பிள்ளை, இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். ரஞ்சித்குமார், அப்பா. பழனி, சம்சாரம், மூன்று மாசம் படுக்கையில் கிடந்து போனது. அந்தப் பெயரில் அருள்மணியின் விரல் நின்றது. சாயப்பட்டறை ஆளுக்குமா என்றார். அவர் வீட்டிலும் சாவுதானே தம்பி என்றாள். முதலில் விசாரணை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தவர், பத்து மணிக்கு மேல் தானே எழுந்துபோய் அவளுக்கு டீ வாங்கிவந்து வைத்தார். யார் யார் வீட்டில் என்னென்ன நடந்தது என்று தனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

2019க்கு வந்தார்கள். துர்கா என்று ஒரு பெயர். தறிக்காரத் தெரு துர்கா, ஐந்தாம் மாசம், வயிற்றில் இருந்தது தங்கவில்லை என்றாள் கற்பகம். இதை எந்தத் தலைப்பில் போடுவது, ஆஸ்பத்திரியா என்று அருள்மணி கேட்டார்.

"சாவுலயே போடுங்க தம்பி. அதுவும் ஒரு உசுருதான? பெரியவரும் அத சேத்துத்தான் எழுதச் சொல்வாரு."

அருள்மணியின் மனைவி பெயரும் துர்காதான். அவர் சாவு என்று அடித்தார். கற்பகம் பக்கத்தைப் புரட்டத் தயங்கினாள். அடுத்த பக்கம் 2018 அக்டோபர். அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது வேலை போவதற்கல்ல, இந்தப் பக்கம் வருவதற்குத்தான். அவள் புரட்டாததால் அவரே புரட்டினார்.

அருள்மணி. கழிவு. ரூபாய் நாலாயிரத்து இருநூறு. பச்சை மையில், மற்ற எல்லோருடையதையும் போல ஒரே வரி.

"இது யாரு அக்கா?" என்றார். தெரிந்துகொண்டே கேட்டது குரலில் இருந்தது.

கற்பகம் குனிந்துகொண்டே சொன்னாள். அந்த மாசம் ஜரிகைக்காரருக்கு என்று பெட்டியிலிருந்து பதினெட்டாயிரம் எடுத்தீர்கள். பைக்குள்ளே வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டு எட்டிப் பார்த்தது. இரண்டு நாள் கழித்து வந்தபோது கண் வீங்கியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பேரில் அட்வான்ஸ் என்று எழுதினேன். திருப்பிக் கட்ட வந்தபோது பதிமூவாயிரத்து எண்ணூறு போதும் என்றேன். நீங்கள் கணக்குப் பார்க்கும் நிலைமையில் இல்லை.

"முதலாளின்னு கூடவும் போடல தம்பி, கொறைக்கவும் இல்ல. எல்லாருக்கும் எவ்ளவோ அவ்ளதான்."

அருள்மணிக்கு இப்போது ஐந்து வயதில் இளமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். அதற்கு முன்னால் ஒன்று இருந்தது என்பதை அவர் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அடுத்தது நிற்கும், ஒன்றும் ஆகவில்லை என்று பெரியவர்கள் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு படம் கிடையாது, பெயர் கிடையாது, திதி கிடையாது. துர்கா மட்டும் ஐப்பசி வந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கு உலகத்தில் எழுத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் அத்தாட்சி இருந்தது. ஏழு வருஷமாக அது அவருடைய கம்பெனிப் பேரேட்டிலேயே இருந்திருக்கிறது.

அவர் மூக்கை உறிஞ்சினார். கர்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கற்பகம் தன் முந்தானையை நீட்டவில்லை. நீட்டினால் அழுதுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மேசை மேலிருந்த பச்சைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

அந்த வரியின் ஓரத்தில், காரணம் எழுத வேண்டிய இடத்தில், அருள்மணி தன் கோணல் எழுத்தில் எழுதினார். எங்கள் முதல் பிள்ளை. எழுதிவிட்டு மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அந்த வரியை ஏற்றவில்லை. பாங்குக்கு ஒன்று குறைந்தால் குறையட்டும் என்றார்.

பாங்கு அறிக்கையில் இதற்கு நெசவாளர் நல நிதி என்று பெயர் வைக்கலாம் என்று மிஷின் யோசனை சொல்லியிருந்தது. அதுவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். பேரேட்டில் என்ன எழுதுவது என்று கற்பகம் கேட்டாள். இத்தனை நாள் என்ன எழுதினீர்களோ அதுதான் என்றார். பிறகு அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இனிமே உங்களக் கேட்டுகினு எழுதணுமா தம்பி?"

அவர் பேனாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"வேணாங்க்கா. என்னைக் கேட்டா நான் கணக்குப் போட ஆரம்பிச்சிடுவேன்."

கற்பகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. மாட்டிக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, அடுத்த பெயரை வாசித்தாள்.